சித்தப்பாவின் துடுப்பு

அன்று கரையில் அம்மா இருந்தாள். சித்தி அவளைத் தோளோடு அணைத்துப் பிடித்திருந்தாள். குப்பத்துப் பெரியவர் இருந்தார். கத்திப் பெட்டியோடு நாவிதர் இருந்தார். வலை உலர்த்தும் மேட்டில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். காலடிப்பேட்டையிலிருந்து என் கல்லூரித் தோழன் வந்திருந்தான். எங்கே நிற்பதென்று தெரியாமல், செருப்பைக் கையில் பிடித்தபடி, காய்ந்த மணலுக்கும் ஈர மணலுக்கும் நடுவில் நின்றான்.

ராயபுரத்துத் தோழன் வரவில்லை. எங்கள் வீட்டுக்கு நேரே எப்போதும் கிடக்கும் சித்தப்பாவின் கட்டுமரம் அங்கே இல்லை. அப்பா இல்லை. அவருக்காகத்தான் எல்லாரும் கூடியிருந்தோம்.

திருவொற்றியூர்க் கடற்கரையில் எங்கள் குப்பம். எங்கள் வீட்டில் எழுத்தைப் படித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தம் பெயரைக்கூடப் பார்த்து அடையாளம் தெரியாது. ஆனால் நான் புத்தகத்தை விரித்தால், அந்தப் பக்கம் வருகிறவர்களை எல்லாம் கையால் ஜாடை காட்டி நிறுத்திவிடுவார். "புள்ள படிச்சிக்கினு கீறான், அந்தாண்ட சுத்திக்கினு போ" என்பார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிற பெரிய மனிதர்களும் சிரித்துக்கொண்டே சுற்றிப் போவார்கள். பள்ளிக்கூடம் முடித்து இன்டர்மீடியட்டும் தேறி, பி.ஏ. வகுப்பில் சேர்ந்தபோது, குப்பத்தில் என் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது. ரேஷன் கடைக்காரரோடு தகராறு வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள், சீக்குக்காரருக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதற்கும் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பமாட்டார்கள். தெரிந்தும் அடக்கமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தினமும் காலை வண்டியில் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போவேன். காலடிப்பேட்டைக்காரன் என்னோடே திருவொற்றியூரில் ஏறுவான். அவன் அப்பா அங்கே ஒரு பெருமாள் கோவிலில் பூஜை செய்கிறவர். வண்டி தண்டையார்பேட்டை தாண்டியதும் இவன் சட்டைக்குள் கையை விட்டுப் பூணூலைக் கழற்றி, சுருட்டி, டிபன் டப்பாவின் மேல்தட்டில் வைத்து மூடுவான். நான் அம்மா இட்டுவிட்ட விபூதியைக் கைக்குட்டையால் துடைப்பேன். ராயபுரத்தில் மூன்றாமவன் ஏறுவதற்குள் இரண்டு பேரும் சுத்தமாகிவிட வேண்டும். ஏறுகிறவன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவரின் மகன், கிறிஸ்தவன். எங்கள் மூவரில் அவன்தான் தீவிரம். ஆனால் அவன் கழுத்தில் தொங்கிய மாதா பதக்கம் எந்த இடத்தில் எப்போது மறைந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கயிறு அழுத்திய தடம் மட்டும் கழுத்தில் இருக்கும். நாங்கள் கேட்டதில்லை.

அந்த நாளில் கல்லூரியில் சாமி இல்லை என்று சொல்லாத பையன்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சாயங்காலங்களில் தெருமுனைக் கூட்டங்கள், மத்தியானங்களில் மரத்தடிப் பேச்சு. ஒரே வாக்கியத்தை எல்லாரும் சொன்னாலும், ஒவ்வொருவனுக்கும் அது வேறு வேறாகத்தான் இருந்தது. காலடிப்பேட்டைக்காரனுக்கு அது ஒன்றை விட்டு வெளியே வருவது. விட்ட இடம் கொஞ்சம் வலிக்கும், அவன் முகத்தில் தெரியும். ராயபுரத்துக்காரனுக்கு அவன் அப்பாவோடு போடுகிற சண்டை. எனக்கு? வகுப்பில் முதல் வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு இடம் மாறிப் போனான். சவுக்காரம் போட்டுத் தேய்த்துக் குளித்துத்தான் போயிருந்தேன். சாமி இல்லை என்று நான் எழுந்து நின்று பேசிய அன்று, அவனே வந்து கைகொடுத்தான். அன்றிலிருந்து அது எனக்கு மீன் வாசம் இல்லாத ஒரு சட்டை மாதிரி ஆகிவிட்டது. ஆசையோடு போட்டுக்கொண்டேன். பொய்யாகப் போட்டுக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன். மெய்யாகவே நம்பினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

விவாத மன்றத்தில் எனக்கென்று ஒரு வாக்கியம் இருந்தது. "கண்ணால் கண்ட சாட்சி இல்லாமல் நான் ஒன்றையும் ஒப்புக்கொள்வதில்லை." இதைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினால் கை தட்டுவார்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்றும் கற்றுக்கொண்டிருந்தேன்.

கடற்கரை ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டீக்கடை. அங்கேதான் நாங்கள் மூவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். ராயபுரத்துக்காரன் பன்னைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"பேசினா மட்டும் பத்தாது மாமு. இனிமே நாம மூணு பேரும் எந்தச் சடங்குலயும் நிக்கக் கூடாது. கல்யாணம், கருமாதி, ஞானஸ்நானம், எதுக்கும்."

"அப்பாவுக்குத் திவசம் வந்தா?" என்றான் காலடிப்பேட்டைக்காரன்.

"டேய், உங்கப்பா நல்லாத்தான கீறாரு? அதுக்குள்ள அவருக்குப் பிண்டம் வெக்கறியே."

"இல்லேடா, கேட்டேன்."

"வரப்ப பாத்துக்கலாம். இப்ப டீயக் குடி, ஆறிப் போவுது."

சிரித்தோம். டீ டம்ளர்களை மோதிக்கொண்டோம்.

அப்பாவின் காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. ஒரு நாள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னாடா, உங்க காலேஜ்ல சாமி இல்லேன்றாங்களாமே?"

"ஆமா நைனா."

"கடலு கீதா? அதாச்சும் ஒத்துக்கறாங்களா?"

"கடல் கண்ணுக்குத் தெரியுதே நைனா."

"மேலாக்கத்தான தெரியுது." ஊசியை வாயில் வைத்துக்கொண்டு முடிச்சை இழுத்தார். "எனக்கு ஒண்ணும் இல்லடா. சாமி இல்லேன்னா, மீன் படாத அன்னிக்கி நான் யாரத் திட்றது? உங்கம்மாவத் திட்டினா சோறு போட மாட்டா."

உள்ளேயிருந்து அம்மா, "சாமியத் திட்னாலும் போட மாட்டேன்" என்றாள். அப்பா சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்தால் தோளும் சேர்ந்து குலுங்கும். காலையில் கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளும்போது மட்டும் அந்தத் தோள் ஒரு கணம் நிற்கும். குனிந்து, ஒரு கை நீரள்ளி நெற்றியில் வைத்துக்கொள்வார். அதைப் பற்றி நான் அவரிடம் வாதாடியதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

ஆவணி மாதத்தில் ஒரு நாள், தூண்டில் போடச் சின்ன மரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். மத்தியானத்துக்கு மேல், கரைப்பக்கம் மேற்கிலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. அந்த மாதங்களில் அப்படி வரும். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும், மரங்களைக் கரையைவிட்டு வெளியே தள்ளும். மற்ற மரங்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. அப்பாவின் பாய் தூரத்தில் சாய்ந்துகொண்டு போனதைச் சிலர் பார்த்தார்கள். பிறகு மழை திரை மாதிரி இறங்கிவிட்டது. மழை விட்டதும் பார்த்தபோது அங்கே ஒன்றும் இல்லை. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன். அன்று வண்டியில் என் வழக்கமான இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததால், எதிர்ப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து போயிருந்தேன்.

சித்தப்பாவும் மற்றவர்களும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு அப்பாலும் போய்த் தேடினார்கள். ஒரு கட்டைகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் குப்பத்தில் ஒரு வழக்கம். கடலில் போன ஆளின் உடல் கிடைக்காவிட்டால், மூத்த மகன் எப்போது தலை மழித்துத் தண்ணீர் விடுகிறானோ அப்போதுதான் அவர் இறந்தவர். அதுவரை அவர் மனைவி தாலியோடு இருப்பாள். ஆனால் ஏலத்துக்குப் போகக் கூடாது, மீன் கூடையைத் தொடக் கூடாது, நல்லது கெட்டதற்கு வாசல் தாண்டக் கூடாது. சுமங்கலியும் இல்லை, மற்றதும் இல்லை. அம்மா காலடிப்பேட்டைத் தெருக்களில் மீன் விற்றுத்தான் பாதிக் குடும்பம் நடந்தது. எல்லாம் என் ஒரு சொல்லில் நின்றது.

கொஞ்ச நாள் பொறுத்துப் பெரியவர் வந்தார். சித்தப்பாவும் கூட இருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"மூத்தவன் நீதான்பா. உங்கம்மாவ இப்டியே உக்காத்தி வெக்க முடியாது. எப்ப தண்ணி விடறே?"

நான் சொன்னேன். கல்லூரியில் சொல்கிற அதே குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி:

"நைனா செத்தத யாரு பாத்தது? சாட்சி இல்லாம நான் ஒத்துக்க மாட்டேன்."

பெரியவர் என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லச் சித்தப்பாவின் பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ள. சும்மா சொல்ல மாட்டான்" என்றார். எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். சித்தப்பாவும் தலையை ஆட்டிக்கொண்டே பின்னால் போனார். என் வாதத்தை மதித்தார்கள் என்று எண்ணினேன்.

கல்லூரியில் இது பரவியது. ராயபுரத்துக்காரன் என் முதுகில் ஓங்கித் தட்டினான். "நீதாண்டா ஆம்பள. நாங்கல்லாம் டீக்கடையில பேசுனோம், நீ வூட்ல பேசிட்டே." மேல்வகுப்புப் பையன்கள் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனார்கள். விவாத மன்றத்தில் சடங்குகள் தேவையா என்று தலைப்புப் போட்டு, என்னை முதலில் பேசச் சொன்னார்கள். பேசினேன். கை தட்டினார்கள். தட்டுகிற நேரத்தில் நான், ஆவணியில் நீரோட்டம் வடக்கே போகும், மசூலிப்பட்டணம் வரை போன மரம் உண்டு, அங்கே கரையேறிய ஆட்கள் ஊர் திரும்ப மாதக்கணக்கில் ஆனதும் உண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. காலை வண்டியில் என் பழைய ஜன்னலோர இடத்தைத் தவிர வேறெங்கும் உட்காராமலானேன். அந்த இடத்தில் யாராவது இருந்தால் கெஞ்சி எழுப்பினேன். ஒரு நாள் ஒரு கிழவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தபோது, காலடிப்பேட்டைக்காரன் என்னைப் பார்த்தான். டிபன் டப்பாவின் மூடியைத் திறக்கப் போனவன் திறக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டான். அன்று முழுவதும் பூணூல் அவன் சட்டைக்குள்ளேயே கிடந்தது.

சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் வாசகசாலைக்குப் போவேன். எல்லாப் பத்திரிகைகளையும் கடைசிப் பக்கம் வரை புரட்டுவேன். எங்காவது மூலையில், கரை ஒதுங்கிய செம்படவர் என்று இரண்டு வரி இருக்காதா? விளக்கு அணைக்கும் வரை புரட்டுவேன். குப்பத்து ஆட்கள் அந்த வழியாகப் போவார்கள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்திருக்கிறார்கள். அதையும் நான் பொருட்படுத்தவில்லை.

அம்மா என்னை ஒன்றும் கேட்கவில்லை. விடியலில் பெண்கள் கூடைகளைத் தூக்கிக்கொண்டு பேச்சும் சிரிப்புமாக எங்கள் வாசலைக் கடக்கும்போது, பேச்சைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை பூக்காரி வந்து வாசலில் நின்றாள். கொடுப்பதா போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா கண்ணு, நான் பூ வெக்கறதா, வேணாமா?"

பரீட்சையில் எந்தக் கேள்விக்கும் நான் அப்படி விழித்ததில்லை. "வெச்சிக்கம்மா" என்றேன். அவள் வாங்கினாள். வைத்துக்கொள்ளவில்லை. அது முற்றத்தில் தண்ணீர்க் குவளையிலேயே கிடந்து வாடியது. சாமி படத்துக்கும் போடவில்லை. அப்பா வரமாட்டார் என்று அவளுக்கு முதல் நாளே தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். ஆயிரம் சாமியைக் கும்பிடுகிறவள், கடல் விஷயத்தில் தன்னை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

புரட்டாசி பிறந்ததும் சித்தப்பா ஊரில் இல்லை. பழவேற்காட்டில் இறால் வலைக்கு ஆள் கேட்டார்கள், போயிருக்கிறார் என்றாள் சித்தி. அவர் மரமும் கரையில் இல்லை. "ஒரு கட்ட உளுத்துப் போச்சாம், மாத்தக் குடுத்துகீது" என்றாள். போகும்முன் அரிசிக்கென்று அம்மாவிடம் கொஞ்சம் பணமும் கொடுத்திருந்தார். நான் எதையும் சேர்த்து வைத்து யோசிக்கவில்லை. சாட்சி சாட்சி என்று பேசுகிறவன், கண்ணெதிரே இருந்ததைப் பார்க்கவில்லை.

ஐப்பசி வந்து முதல் மழை பெய்த நாட்களில் ஒரு சாயங்காலம். கல்லூரியிலிருந்து வந்து திருவொற்றியூர் ஸ்டேஷனில் இறங்கினேன். அதே சமயம் எதிர்ப்பக்கம் கூடூரிலிருந்து வரும் வண்டி நின்றது. அதிலிருந்து தாடியோடு ஒருவர், ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கினார். பாதத்தில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. கிட்டே வந்த பிறகுதான் சித்தப்பா என்று தெரிந்தது.

"கால்ல இன்னா சித்தப்பா?"

"கிளிஞ்சல் கிழிச்சிடுச்சி. அத்த வுடு." பெஞ்சில் உட்கார்ந்தார். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டார். "நெல்லூரு தாண்டி மசூலி வரிக்கும் போய்ட்டேன் கண்ணு. கரையோரமாவே நடந்தேன். ஒரு குப்பம் வுடல. எனக்குத் தெரிஞ்ச தெலுங்குல கேட்டு கேட்டு வாய் வலிச்சிப் போச்சி. எங்கயும் இல்ல. நீ எந்த ஊருன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நேரா அங்கயே போயிருப்பேன்."

"எந்த ஊரு?"

"பேப்பர்ல போட்டிருந்த ஊரு."

எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி தணிந்த குரலில் சொன்னார்.

"தப்பா நெனைக்காத. நீ வாசகசாலைல டெய்லி பாத்துக்கினு கீறத நம்ம ஆளுங்க பாத்தாங்க. அன்னிக்கே பெரியவரு சொன்னாரு, புள்ளைக்கி எதோ சேதி தெர்யும், உறுதியாவற வரிக்கும் வாயத் தொறக்க மாட்டான், படிச்சவங்க அப்டித்தான்னு. நானும் அத்தத்தான் நெனச்சேன். சும்மா எதுக்கு ஒரு புள்ள பெத்த தாய அப்டி உக்காத்தி வெப்பான்? அண்ணன் எங்கயோ உசுரோட கீறாருன்னு ஒனக்குத் தெரிஞ்சிகீது, அதான் தண்ணி வுடலேன்னு..."

"பேப்பர்ல ஒண்ணும் போடல சித்தப்பா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

அவர் மூட்டையைக் கீழே வைத்தார். என் முகத்தையே பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னாத்துக்கு வேணான்னே கண்ணு?"

மரத்தடியில் ஆயிரம் பதில் சொல்லியிருக்கிறேன். சடங்கு பொய், அது உயிரோடு இருக்கிறவர்களை வதைக்கிறது, பெண்களை அடிமையாக்குகிறது. எல்லாம் நிஜம்தான். ஆனால் அவர் கேட்டதற்கு அவை பதில் இல்லை.

"வந்துடுவாருன்னு நெனச்சேன்" என்றேன்.

சித்தப்பா குனிந்து மூட்டையை எடுத்துக்கொண்டார். "நானும்தான்" என்றார்.

கூடூர் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிப் போனது. அவர் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். குப்பத்துக்குள் நுழைந்து, அவர் மரம் கிடக்கும் இடத்துக்கு வந்தபோது நின்றேன். மணலில் மரம் கிடந்த பள்ளம்கூடக் காற்றில் மூடிப் போயிருந்தது.

"மரத்த இன்னும் குடுக்கலியா சித்தப்பா?"

"கேட்ட வெலைக்கு வித்துட்டேன் கண்ணு. ரயிலுக்கு, சோத்துக்கு, எல்லாத்துக்கும் வோணுமே. வா, மழ வருது."

அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். "தண்ணி வுட்டுடலாம்மா." அவள் சரி என்றாள். உடனே எழுந்து போய், அப்பாவின் வெள்ளை வேட்டி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அப்போதுதான் முதல் தடவையாக அழுதாள்.

உடல் கிடைக்காதவருக்கு எங்கள் குப்பத்தில் அவருடைய துடுப்பைத்தான் எரிப்பார்கள். மஞ்சள் நீரில் குளிப்பாட்டி, வேட்டி சுற்றி, படுக்க வைத்து, மூத்த மகன் கொள்ளி வைப்பான். அப்பாவின் துடுப்பு அவரோடு போய்விட்டது. வீட்டில் வேறு இல்லை. பெரியவர், "வேற யாராச்சும் ஒண்ணு குடுங்கப்பா" என்று சுற்றிப் பார்த்தார். யார் கொடுப்பார்கள்? கொடுத்தால் நாளைக்குக் கடலுக்குப் போக வேண்டாமா? சித்தப்பா போய்த் தம் வீட்டுக் கூரையில் செருகியிருந்ததை உருவிக்கொண்டு வந்தார். மரத்தை விற்றவர், துடுப்பை மட்டும் விற்காமல் வைத்திருந்திருக்கிறார்.

"இத்த வெச்சிக்கோங்க. எனக்கு இனிமே எதுக்கு."

சித்தி அந்தத் துடுப்பை ஒரு தரம் தொட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

தலை மழித்துக்கொண்டு கடலில் முழுகி வந்தேன். ஈரத் தலையில் காற்று பட்டது. துடுப்பை வேட்டியில் சுற்றிக் கிடத்தியபோது அது ஏறக்குறைய ஓர் ஆள் நீளம் இருந்தது. அம்மா குனிந்து, முகம் இருக்க வேண்டிய இடத்தில் வேட்டியைச் சரிசெய்தாள். மேட்டில் இருந்த பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். நான் கொள்ளி வைத்தேன். உப்பில் ஊறிய கட்டை, லேசில் பிடிக்கவில்லை. பிடித்த பிறகு பச்சையும் நீலமுமாக எரிந்தது. நான் எதையும் நம்பவில்லை. ஆனால் அது எரிந்து அடங்கும்வரை விலகவில்லை. அந்தப் பக்கம் அலையோரத்தில் அம்மாவை உட்கார வைத்துச் சித்தி செய்ய வேண்டியதைச் செய்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சித்தப்பா தண்ணீரில் இறங்கி, சாம்பலைக் கரைக்க எனக்காகக் காத்துக்கொண்டு, கடலைப் பார்த்து நின்றார்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது காலடிப்பேட்டைக்காரன் என் பக்கத்தில் நடந்து வந்தான். இன்னும் செருப்பு அவன் கையில்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதேடா. நீ கொள்ளி வைக்கறச்சே என் வாய் தானா மந்திரம் சொல்லிடுத்து. நிறுத்த முடியலே."

"பரவால்ல."

"இன்னொண்ணு. அவன் வரலேன்னு வருத்தப்படாதே. காத்தால ராயபுரத்துல இறங்கிக் கூட்டிண்டு வரலாம்னு போனேன். அவா சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தி வெச்சுட்டு முட்டி போட்டுண்டு உக்காந்திருந்தான். உங்கப்பாவுக்குத்தான். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிண்டான்."

ராயபுரத்துக்காரனிடம் நான் அதைக் கேட்டதில்லை. மறுபடி கல்லூரிக்குப் போனபோது அவன் என் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு, தன் தொப்பியை எடுத்து எனக்கு வைத்தான். டீக்கடைக்குப் போனோம். பழைய ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. விவாத மன்றத்துக்கு நான் பிறகு போகவில்லை. ஏன் வருவதில்லை என்று கேட்டவர்களிடம் பாடம் அதிகம் என்றேன். நான் இன்றும் சாமி கும்பிடுவதில்லை. அம்மா காலையில் விபூதி இட்டால் துடைப்பதும் இல்லை.

அம்மா கூடை எடுத்துக்கொண்டு பழைய தெருக்களுக்குப் போனாள். சித்தப்பா பிறகு சொந்தமாக மரம் வாங்கவே இல்லை. அடுத்தவர்கள் மரத்தில், அடுத்தவர்கள் துடுப்பைப் பிடித்து, கூலிப் பங்குக்குப் போனார். அவர் மரத்தை வாங்கியவர் பக்கத்துக் குப்பத்துக்காரர். காலையில் அது எங்கள் கரைக்கு நேரே வடக்காகப் போகும். அதன் கட்டைகள் எல்லாம் சித்தப்பாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு காலையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். இவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"எவ்ளோக்குக் குடுத்தே சித்தப்பா?"

அவர் பார்வையை எடுக்கவில்லை. ஏலத்தில் யாரோ மீன் விலை கேட்ட மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"தொண்ணூத்தஞ்சு ரூவா."